ஒரு பைக்கற் செத்தல் மிளகாயும் ஒரு கோலும்

எங்கள் வீட்டு வாசலுக்குத் தீயணைப்பு வண்டி வந்ததற்குக் காரணம் நான்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். அன்றைக்கும் கேட்கவில்லை. எழுபத்து மூன்று வயதில் இனிமேல் கேட்டுப் பழகவும் ஏலாது.

நாங்கள் ஊரை விட்டு வந்து குடியேறின மில்லிக்கனில், எங்கள் வீட்டு பேஸ்மென்டில் கொலின் என்று ஒரு இங்கிலாந்துக்காரன் வாடகைக்கு இருந்தான். வயது முப்பத்து நாலு. தொழில், உதைபந்து அடிப்பது. சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை, சம்பளத்துக்கு.

தன் கதையை அவன் என் சமையலறையில் இருந்து, புட்டும் சம்பலும் தின்று, கண்ணீர் விட்டு விட்டுச் சொல்லியிருக்கிறான். (கண்ணீர் சம்பலால் வந்தது, கவலையால் இல்லை.) என் ஆங்கிலம் அரைகுறை. விளங்காததை மகள் சுகந்தி தமிழில் சொல்லுவாள். தகப்பன் லொறி ஓட்டினவராம். பதினாறு வயதில் இவன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு பெரிய கிளப்பில் சேர்ந்தானாம். பிறகு முழங்காலில் இரண்டு ஒப்பரேஷன். அதற்குப் பிறகு அந்தக் கிளப் அவனை வேறு கிளப்புகளுக்கு இரவல் கொடுத்ததாம், ஐந்து தரம்.

"மனிசரை இரவல் குடுக்கிறதோ? இவன் என்ன, தேங்காய்த் திருவலையே?" என்று கேட்டேன்.

"அங்கை அப்பிடித்தான் அம்மா," என்றாள் சுகந்தி.

சனம் நிரம்பின பெரிய மைதானம் ஒன்றில் அவன் ஒரே ஒரு கோல் அடித்திருக்கிறான். அதின்ரை வீடியோ அவனுடைய போனில் இருந்தது. பிறகு என்னுடைய போனிலும் இருந்தது. கோயிலில், மரக்கறிக் கடையில், டொக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் இடத்தில் எல்லாம் நான் அதைக் காட்டினேன். பிழை அங்கேதான் தொடங்கியது. முன்வீட்டுப் பவளம் அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ அக்கா, உவன்ரை காலைப் பாருங்கோவன், தேக்கு மரம் மாதிரி!" என்றாள். இரண்டாம் நாள் கொலினின் முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

அந்தக் கிழமை சனிக்கிழமை, இங்கே அவனை எடுத்திருந்த கிளப்புக்குக் கடைசி மட்ச். அதில் நன்றாக விளையாடினால் இன்னும் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம். இல்லாவிட்டால் விசாவும் இல்லை, பந்தும் இல்லை, பெட்டியைக் கட்டவேண்டியதுதான். ஊரெல்லாம் காட்டி, கண்பட்டு நாவூறு வரவைத்தது நான். கழிக்கவேண்டியதும் நான்தானே?

சனிக்கிழமை காலை அவனைச் சமையலறையில் கிழக்குப் பார்க்க இருத்தினேன்.

"அன்ரி, இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"பிசியோ," என்றேன். முழங்காலுக்குக் கிளப்பில் பிடித்துவிடுகிற வைத்தியத்துக்கு அவன் சொல்லுகிற பேர் அதுதான்.

உப்பும் ஏழு செத்தல் மிளகாயும் எடுத்து, தலையிலிருந்து முழங்கால்வரை மூன்று தரம் சுற்றி, தாச்சிச் சட்டியில் போட்டு அடுப்பை மூட்டினேன். நாவூறு இல்லாவிட்டால் மிளகாய்க் கமறல் மூக்கைப் பிய்க்கும். இருந்தால் ஒரு மணமும் வராது. அன்றைக்கு ஒரு மணமும் வரவில்லை. இன்னும் ஒரு பிடி போட்டேன். மணம் இல்லை. பவளத்தின் கண் இவ்வளவு பொல்லாததா என்று பைக்கற்றைக் கவிழ்த்துக் கொட்டினேன்.

(அது கரண்ட் அடுப்பு. சூடேற நேரம் பிடிக்கும். இருபது வருடம் அதில் சமைத்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். நாவூறு கழிக்கும்போது அதெல்லாம் ஆருக்கு ஞாபகம் வரும்?)

அடுப்பு சூடேறியது. பைக்கற் முழுதும் ஒன்றாக எரிந்தது. கொலின் கதிரையோடு விழுந்தான். மேலே, கீழே, பேஸ்மென்டில் என்று எல்லா அலாரமும் கத்தியது. சுகந்தி நைற்றியோடு வெளியே ஓடினாள், நான் தாச்சியோடு ஓடினேன். பவளம்தான் தீயணைப்புக்குப் போன் அடித்தாளாம்.

முகமூடி போட்ட மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்க முகமூடியைக் கழற்றினார். கேள்வியை முடிக்கவில்லை, இருமத் தொடங்கிவிட்டார்.

"அம்மா, தயவுசெய்து வாயைத் திறக்காதேங்கோ," என்றாள் சுகந்தி.

"நோ குக்கிங். ட்ரீட்மென்ட்!" என்றேன்.

"ஐயோ அக்கா, ஆருக்கு என்ன நடந்தது?" என்று பவளம் ஓடிவந்தாள்.

"எல்லாம் உன்ரை கண்ணாலைதான்! தள்ளி நில்!"

தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. கொலினின் கார் தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் சிக்கிவிட்டது. புகை போகும்வரை அவனை உள்ளே போகவும் விடவில்லை. மட்ச்சில் அவன் போடுகிற சட்டை, நான் தோய்த்து மடித்தது, சமையலறைக் கதிரையில் கிடந்தது. கடைசியில் அதை அள்ளிக்கொண்டு, சிவந்த கண்ணோடு போனான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சாமி அறைக்குள் போயிருந்தேன். மன்னிப்புக் கேட்க இல்லை, மிச்ச அலுவலைச் சாமியிடம் ஒப்படைக்க.

பின்னேரம் வந்தான். சமையலறைக் கதவில் நின்று, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாமல் குலுங்கினான். பிந்திப் போனதால் கோச் அவனை விளையாட விடாமல் ஓரத்து வாங்கில் இருத்திவிட்டாராம். கடைசி இருபது நிமிசத்துக்குத்தான் இறக்கினாராம். அவனை மறிக்க நின்ற நெட்டையன் கிட்ட வரும்போதெல்லாம் தும்மினானாம். சட்டையில் அவ்வளவு மிளகாய்க் கமறல். மூலையில், கோணரில் இருந்து பந்து உயர வந்தபோது நெட்டையன் கண்ணை மூடித் தும்ம, கொலின் தலையால் இடித்தான். கோல்.

ஒப்பந்தம் கிடைத்தது.

"நேரத்துக்குப் போயிருந்தால் ரெண்டு கோல் அடிச்சிருப்பான்," என்று சுகந்தி இன்றைக்கும் சொல்லுகிறாள். நெட்டையனைத் தும்மவைத்தது யார் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்காவது வேலை இன்டர்வியூ, டிரைவிங் டெஸ்ட் என்றால், மருமகன் முதல் வேலையாக ஏணி வைத்து அலாரத்தைக் கழற்றுகிற மாதிரி நடித்து, "மாமி, எத்தினை பைக்கற்?" என்று கேட்பார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கொலின் விளையாட்டை விட்டு, இங்கிலாந்தில் தன் ஊர்க் கிளப்புக்கே கோச் ஆகிவிட்டான். முதல் மட்ச்சுக்கு முன்னால் வீடியோவில் கூப்பிட்டு, "அன்ரி, பிசியோ," என்றான். போனை மேசையில் கிழக்குப் பார்க்க நிமிர்த்தி வைத்து, மூன்று தரம் சுற்றினேன். சுகந்தி ஜன்னலெல்லாம் திறந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏழே ஏழு மிளகாய்தான். இந்த முறை அடுப்பை முதலே சூடாக்கி வைத்திருந்தேன்.