பழைய கண்ணாடிக்குச் சம்பந்தம் பேசுகிறவர்

பழைய கண்ணாடிக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூக்கில் போடுகிற கண்ணாடியைச் சொல்லவில்லை. கமராவின் முகத்தில் மாட்டுகிற லென்ஸைச் சொல்கிறேன். அட்டன் கடைத்தெருவில் மழை விட்ட நேரமாகப் பார்த்து, உள்ளங்கைக்குள் அடங்குகிற புத்தம்புதிய டிஜிட்டல் கமராவில், அந்தக் கமராவைச் செய்தவனுடைய அப்பன் பிறப்பதற்கு முன்பே செய்த ஒரு கனத்த இரும்புக் குழாயை மாட்டிக்கொண்டு, பாரம் தாங்காமல் கமரா குப்புற விழப் பார்க்க, அதைத் தாங்குவதற்காகத் தானும் குனிந்து, ஒரு கண்ணை மூடி, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, தேத்தண்ணிக் கடையின் வடைத் தட்டுக்கு முன்னால் ஒருவர் நிற்கிறாரா? அவரேதான். வடை ஆறிப்போகும். அவர் இன்னும் திருகிக்கொண்டிருப்பார்.

எதைத் திருகுகிறார்? தெளிவைத் திருகுகிறார். பெட்டியோடு வருகிற புது லென்ஸ் இருக்கிறதே, அது ஆளைத் தானே கண்டுபிடித்து, தானே தெளிவாக்கி, 'பீப்' என்று ஒரு குரலும் கொடுத்துவிடும். யாரும் எடுக்கலாம். அதுதான் அதன் மேல் இவருக்கு உள்ள கோபம். "தானா வர்ற தெளிவுல என்னாங்க இருக்கு? நம்ம கையால கொண்டாரணும்" என்பார். அவர் கையால் கொண்டுவருவதற்குள், தொட்டிலில் கிடந்த பிள்ளை எழுந்து நடந்து பள்ளிக்கூடம் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் இந்த இனத்துக்குத் தலைவன் கணேசமூர்த்தி. கொத்மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். அவனுடைய அம்மாவும் என் அம்மாவும் வட்டவளையில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள். அந்த முறையில் எனக்குத் தம்பி. அதனால்தான் 'அவன்' என்று எழுதுகிறேன். நீங்கள் நேரில் கண்டால் 'ஐயா' என்றே சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்களைப் படம் எடுத்துவிடுவான்.

தொண்ணூறுகளில் பிலிம் கமரா வைத்திருந்த காலத்திலேயே லென்ஸ் சேர்க்கிற வியாதி அவனுக்கு வந்துவிட்டது. துரை பங்களாவில் சாமான் ஏலம் போனால், மற்றவர்கள் கட்டிலையும் அலுமாரியையும் பார்ப்பார்கள். இவன் மேசை இழுப்பறையைத் துழாவுவான். அப்படிச் சேர்ந்தவை ஒரு பிஸ்கட் டின் நிறைய. இரண்டாயிரத்து ஒன்பதில், கட்டாரில் வேலை செய்கிற மகன் நிரஞ்சன், லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு சின்னக் கமராவை அனுப்பிவைத்தான். அன்றைக்கே அப்பன் அதன் சொந்த லென்ஸைக் கழற்றினான். பாவம், அது இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, வாழாவெட்டியாக.

புதுக் கமராவின் வாய் ஓர் அளவு, பழைய லென்ஸின் கழுத்து வேறோர் அளவு. இரண்டையும் சேர்த்துவைக்க நடுவில் ஒரு வளையம் வேண்டும். அடாப்டர் என்கிறார்கள். நான் தரகர் என்பேன். மாப்பிள்ளை ஜெர்மனி, பெண் ஜப்பான், வயசுப் பொருத்தம் கிடையாது, சாதகம் யாரும் கேட்கவில்லை. தரகர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பல்லைக் காட்டி முடித்துவைத்துவிடுகிறார். கணேசமூர்த்தியின் முதல் தரகரைப் பால்மா டின் மூடியில் வெட்டிக்கொடுத்தவர், தேயிலைத் தொழிற்சாலையில் மிஷின் பழுது பார்க்கிற பிட்டர்.

சம்பந்தம் முடிந்ததா? முடிந்தது. ஆனால் கமரா ஒத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு பெரிய லென்ஸை மாட்டினாலும் 'லென்ஸ் மாட்டப்படவில்லை' என்று திரையில் எழுதிக் காட்டும். பெட்டியும் கையுமாக வாசலில் நிற்கிற மருமகனைப் பார்த்துக்கொண்டே, "யாரும் வரலையே" என்று உள்ளே திரும்பிச் சொல்கிற மாமியார் மாதிரி. இவன் விடுவானா? கமராவின் வயிற்றுக்குள் புகுந்து தேடி, 'இல்லாவிட்டாலும் எடு' என்று ஓர் உத்தரவைப் போட்டுவைத்தான்.

நம் ஊர் ஈரத்தில் செருப்பே பூசணம் பூக்கும், கண்ணாடி பூக்காதா? அவனுடைய லென்ஸ் ஒவ்வொன்றுக்குள்ளும் சிலந்தி வலை மாதிரிப் பூசணம். அதைக் காயவைக்கிறேன் என்று, அந்தத் தொழிற்சாலையை நடத்துகிற டீமேக்கரைக் கெஞ்சிக் கூத்தாடி, கொழுந்து வாட்டுகிற மாடியில் பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்துவிட்டு வந்தான். லென்ஸ் காயவில்லை, தேயிலை வாசம்தான் ஏறியது. "இதுல எடுத்தா எல்லாமே புகை மூட்டமா இருக்கேங்க" என்று அவன் மனைவி நாகலெட்சுமி சொன்னபோது, "அது பூசணம் இல்ல. அதுக்குப் பேரு கேரக்டர்" என்றான். நாகலெட்சுமி அன்றிலிருந்து பழைய சோற்றின் மேல் பூத்ததையும் கேரக்டர் என்றுதான் சொல்கிறாள்.

கேரக்டரையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிறகு அட்டன் நெட் கடையில் உட்கார்ந்து இன்னொரு சொல்லைக் கற்றுக்கொண்டு வந்தான். பொக்கே. படத்தில் ஓர் ஆள் மட்டும் தெளிவாக இருக்க, பின்னால் நிற்பதெல்லாம் வெண்ணெய் மாதிரிக் கரைந்து கிடந்தால் அதுதான் பொக்கே, ஜப்பான் பாஷையாம். அவனுக்குத் தெளிவாக விழுந்த ஆளைப் பற்றி அக்கறை கிடையாது. கரைந்துபோனவர்களைப் பார்த்துத்தான் ஆனந்தக் கண்ணீர் விடுவான்.

இந்தச் சொல்தான் ஒரு நாள் ஒரு குடும்பத்தையே உடைக்கப் பார்த்தது.

அவன் அந்தச் சொல்லோடு வந்த வருஷம் ஐப்பசியில் ஜெயந்தினியின் கல்யாணம். ஜெயந்தினியின் அம்மா மீனம்மா, கணேசமூர்த்திக்கு அண்ணன் மனைவி. மீனம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே ஓர் அண்ணன், வட்டவளை வீரய்யா. தொண்ணூறுகளில் மூத்த பெண்ணின் சடங்குக்கு இந்தத் தாய்மாமன் சீரோடு வந்து நின்றபோது, படம் பிடித்த ஸ்டூடியோக்காரன் அவரை ஓரத்தில் பாதியாக வெட்டிவிட்டான். ஒரு கண், அரை மீசை, அவ்வளவுதான் விழுந்தது. "தாய்மாமனுக்குப் பாதி மொகந்தானா?" என்று கேட்டுவிட்டுப் போன மனுசர், அதன் பிறகு தங்கச்சி வாசலை மிதிக்கவே இல்லை. மீனம்மா நடந்து அழுது, ஆள் மேல் ஆள் விட்ட பிறகு, கடைசியில் இந்தக் கல்யாணத்துக்கு வர அவர் சம்மதித்தார். ஒரே ஒரு பேச்சு: "மொகம் முழுசா விழணும்."

வெறும் முகத்தோடு வந்தாரா? இல்லை. முன்பல் போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது. இந்தப் படத்துக்காகவே அட்டனில் பல்செட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சோறு தின்றால் பல் ஆடிவிடும் என்று, படம் எடுத்த பிறகுதான் பந்தியில் உட்காருவேன் என்று பசியோடு காத்திருந்தார்.

மீனம்மா கணேசமூர்த்தியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, கும்புட்டுக் கேக்குறேன். பெட்டியில இருக்கிற புதுசையே மாட்டிக்கங்க. அண்ணன் மொகம் தெளிவா விழுந்தாப் போதும்."

"அண்ணி, அது பொம்மைங்க. மச்சானுக்கு நான் ஜெர்மன்காரனையே மாட்டுறேன். பாருங்க, ராசா மாதிரி விழுவாரு."

முற்றத்தில் எல்லாரும் நின்றார்கள். நட்டநடு நாற்காலியில் வீரய்யா, பல் தெரியச் சிரித்தபடி. கணேசமூர்த்தி குனிந்தான். திருகினான். வலப்பக்கம் திருகினான், அது அதிகமானது. இடப்பக்கம் திருகினான், அது குறைந்தது. "அசையாதீங்க!" என்றான். பனி மூட்டம் மலையிலிருந்து இறங்கி, கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, திரும்ப மேலே போனது. அசையாமல் நின்று கால் மரத்துப்போனவர்களைப் பிடித்துக்கொள்ள அசையாமல் நின்ற வேறு ஆட்கள் அசைந்தார்கள்.

"கொழுந்து எடுக்குறதுகூட லேசு" என்று மீனம்மா பல்லைக் கடித்தாள். "இந்தக் கொழுந்தன் படம் எடுக்குறதுதான் மலையாட்டம் இருக்கு."

ஒரு வழியாக வீரய்யாவின் மூக்கு நுனி தெளிந்தது. விசையை அமுக்கப் போன அந்த நேரத்தில், வெற்றிலையைத் துப்பிவிட்டு மாப்பிள்ளையின் அப்பா வந்து சேர்ந்தார். வீரய்யா எழுந்துவிட்டார்.

"வாங்க சம்பந்தி, நீங்க உக்காருங்க."

"அட, தாய்மாமன் இருக்கையில நானா? நீங்க உக்காருங்க."

"இன்னைக்கு நீங்கதாங்க பெரியவங்க!"

இருவரும் ஒருவரையொருவர் பிடித்து அமுக்கியதில், சம்பந்தி நாற்காலியிலும் வீரய்யா பின்வரிசைக்கும் பின்னால், சாம்பார்க் கிடாரத்துக்குப் பக்கத்திலும் போய்ச் சேர்ந்தார்கள். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்! ஆனால் ஜெர்மன் லென்ஸுக்கு மரியாதை தெரியுமா? அது நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கணேசமூர்த்தியாவது பார்த்தானா? அவன் ஆட்களை எப்போது பார்த்தான், வளையத்தைத்தானே பார்ப்பான்! அமுக்கிவிட்டான்.

திரையில் சம்பந்தியின் மீசை மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம். பின்னால் வேட்டி கட்டிய ஒரு மேகம். மேகத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைத் தீற்றல். அதுதான் அட்டன் பல்செட்டு. எல்லாரும் எட்டிப் பார்க்கையில், கணேசமூர்த்தி முற்றமே அதிரக் கத்தினான்.

"ஆகா! என்னா பொக்கே! மச்சான் மொகம் பூரா பொக்கே!"

வீரய்யாவின் சிரிப்பு நின்றது. கை தானாக வாய்க்குப் போனது. பல் அங்கேயேதான் இருந்தது.

"யாருக்குடா பொக்கை?"

"அது அந்தப் பொக்கை இல்லீங்க மச்சான், ஜப்பான் பாஷை. மங்கல்னு அர்த்தம். இது நல்ல மங்கல்!"

"கலியாண வீட்டுல மங்கலம் கேட்டிருக்கேன். மங்கல் கேட்டதில்ல." துண்டை உதறித் தோளில் போட்டார். "அன்னைக்குப் பாதி மொகமாவது இருந்துச்சு. இன்னைக்கு மொகமும் இல்ல, இருக்கிற பல்லையும் இல்லங்கிறான். நான் வாரேன் மீனா."

சாப்பிடாமலே நடந்தார். தாய்மாமன் கை நனைக்காமல் போனால் அந்த வீட்டில் மிஞ்சுவது என்ன? மீனம்மா "அண்ணே! அண்ணே!" என்று பின்னாலேயே ஓடினாள். நானுஓயாவிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த வான் வண்டியின் கதவை அவர் திறந்தபோது, டிரைவர் லக்ஸ்மன் உள்ளே உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. நீங்க எந்திரிக்கிறதுக்கு முந்தி சும்மா நானும் போன்ல ஒண்ணு புடிச்சேன். இந்தாங்க."

வீரய்யா வாங்கிப் பார்த்தார். நாற்காலியில் முழு முகத்தோடு, முழுப் பல்லோடு அவரேதான். பக்கத்தில் தங்கச்சி. பின்னால் கிடாரம், நாய், மலை, எல்லாம் ஒரே தெளிவு. முன்னால் மட்டும் பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு ஏதோ ஒன்று உருண்டையாக இருந்தது.

"இது யாரு முதுகுடா?"

"உங்க மச்சான் கணேசமூர்த்தி ஐயாவுதுங்க. குனிஞ்சு திருகிக்கிட்டிருந்தாரு."

வீரய்யா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"முதுகு இல்லியே இது."

பிறகு சிரித்தார் பாருங்கள், வானே குலுங்கியது. மீனம்மா அழுவதை விட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் வீரய்யாவின் பல்செட்டு கழன்று கைக்கு வந்துவிட்டது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு முற்றத்துக்கே திரும்பி வந்து, கணேசமூர்த்திக்கு முன்னால் நின்றார்.

"இப்பத்தாண்டா பொக்கை. இப்ப எடு!"

கணேசமூர்த்தி குனிந்து திருகத் தொடங்கினான். வீரய்யா நேரே பந்திக்குப் போய் உட்கார்ந்து, பல் இல்லாமலே இரண்டாம் முறையும் பாயாசம் வாங்கிக் குடித்துவிட்டு வந்து பார்த்தார். இன்னும் திருகிக்கொண்டிருந்தான்.

லக்ஸ்மன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, வட்டவளையில் வீரய்யா வீட்டுச் சுவரிலும் மீனம்மா வீட்டுச் சுவரிலும் மாட்டியிருக்கிறார்கள். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை அண்ணன் வருகிறார். அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று கணேசமூர்த்தி வெட்கப்படுவான் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவன் கிட்டே போய், தன்னுடைய பின்பக்கத்தை ஒதுக்கிவிட்டு, மூலைகளை உற்றுப் பார்த்தான்.

"மூலையெல்லாம் இப்புடி இருண்டு கெடக்கே... நல்ல கேரக்டர். லக்ஸ்மன், அந்தப் போன் கண்ணாடி தனியாக் கழறுமா? ஒரு வளையம் வெட்டினா நம்ம கமராவுல மாட்டிப்புடலாம்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் பிஸ்கட் டின்னும் இல்லை, பால்மா மூடி வளையமும் இல்லை; நீங்கள் அந்த இனம் இல்லைதான். ஒன்று மட்டும் கேட்கிறேன். இவ்வளவு நேரம் ஒரு கல்யாணப் படத்தைப் பற்றிச் சொன்னேனே. லென்ஸ் எது என்று பார்த்தீர்கள், தாய்மாமன் தெளிவாக விழுந்தாரா என்று பார்த்தீர்கள், சம்பந்தியின் மீசைவரைக்கும் பார்த்தீர்கள். மணப்பெண் ஜெயந்தினி எங்கே நின்றாள், எப்படி விழுந்தாள் என்று மனசுக்குள் ஒரு தடவையாவது கேட்டீர்களா?

கேட்கவில்லை அல்லவா? கழுத்தை நீட்டுங்கள். கமரா வாரை மாட்டிவிடுகிறேன்.