தம்மு மூச்சு விட்ட கதை

மூச்சைப் பிடித்தே உலகத்தில் எதையும் வாங்கிவிடலாம் என்று நிரூபித்த ஒரே ஜீவன் எங்கள் மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் தம்முதான். மற்ற குழந்தைகள் அழும், தரையில் உருளும், சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளும். தம்மு அந்த மாதிரிச் சில்லறை வேலை எதுவும் செய்யமாட்டாள். வாயை மூடிக்கொண்டு கன்னத்தை உப்புவாள், அவ்வளவுதான். முகம் சிவந்து நீலத்துக்குப் போவதற்குள் வீட்டில் யாராவது ஒருவர் கேட்டதை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

மூன்று வயதில் மூன்று சக்கர சைக்கிள் வாங்கினாள். எட்டாம் வகுப்பில் இரண்டு சக்கர சைக்கிள். சக்கரம்தான் குறைந்ததே தவிர முறை மாறவில்லை. கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள், தானாக மூச்சு விடுவாள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். டாக்டருக்கென்ன, அவர் பெண்ணா நீலமாகிறாள்? தம்முவின் அப்பா ரயில்வேயில் கார்டு. கொடியைக் காட்டி முழு ரயிலையே நிறுத்துகிற மனிதர், மகள் கன்னத்தை உப்பினால் மட்டும் வேட்டி அவிழ்வது தெரியாமல் ஓடிவருவார்.

தமிழில் தம் பிடிப்பது என்றால் மூச்சைப் பிடிப்பது. கன்னடத்தில் தம்மு என்றால் துணிச்சல் என்றும் ஓர் அர்த்தம் உண்டு. எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லார் வாயிலும் இரண்டு பாஷையும் கலந்தே கிடந்ததால் பெயர் சட்டென்று ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் அவளுக்கு லட்சணமாக ஒரு பெயர் இருந்தது. டீச்சர் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். வம்பு எனக்குத்தான் வந்தது. மெட்ராஸிலிருந்து வந்திருந்த சித்தப்பாவை வைத்துக்கொண்டு, தம்மு இல்லாமல் எனக்குப் படிப்பே ஓடவில்லை என்று அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். மெட்ராஸில் தம் என்றால் சிகரெட். பெண்பிள்ளையை இப்படியா வளர்ப்பது என்று சித்தப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டார். தம்முவை நேரில் கூட்டிவந்து நிறுத்திய பிறகுதான் அவர் மறுபடி காபியைத் தொட்டார்.

ஒருமுறை நீச்சல்குளத்தின் அடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கோச் பதறிப்போய்க் கைக்கடிகாரத்தோடு குதித்தார். மேலே தூக்கியதும் இவள், நூறு எண்ணுவதற்குள் கெடுத்துவிட்டீர்களே சார் என்று கன்னடத்தில் அவரையே கடிந்துகொண்டாள். அந்தக் கடிகாரம் அதற்கப்புறம் ஓடவில்லை என்று கேள்வி.

தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் பி.யு.சி., அதாவது பிளஸ் டூ, முடித்த கோடையில், காலேஜ் இயற்கை மன்றத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மலேசியாவின் கிழக்குக் கரையோரம் ஒரு தீவு. அங்கே பவளப்பாறைகளையும் கடல் ஆமைகளையும் காப்பாற்றும் வேலைக்குப் பல நாடுகளிலிருந்தும் பிள்ளைகளைத் தொண்டர்களாகக் கூப்பிடுகிறார்கள். செலவெல்லாம் அவர்களுடையது. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போகவும் கற்றுத் தருவார்கள். நீச்சல் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் கடலே இல்லாத எங்கள் ஊரில் நீச்சல் தெரிந்த பெண்களைச் சலித்து எடுத்தால் நானும் தம்முவும்தான் மிஞ்சினோம்.

தம்முவின் அப்பா பச்சைக்கொடி காட்ட மறுத்தார். பதினேழு வயதுக் கழுதை, கூச்சநாச்சமே இல்லாமல் கன்னத்தை உப்பினாள். நாற்பது எண்ணுவதற்குள் அனுமதி வந்துவிட்டது. என் அப்பா லேசில் மசிகிறவர் இல்லை. ஆனால் தம்முவும் வருகிறாள் என்றதும், அவள் கூட இருந்தால் தைரியமாக அனுப்பலாம் என்று சொல்லிவிட்டார். நான் சும்மா இருப்பேனா? கடலுக்கு அடியைப் பார்த்துவிட்டு வரப்போகிறேன் என்று தெரு முழுக்கத் தமுக்கு அடித்தேன். திரும்பி வந்ததும் நுழைவுத் தேர்வு, காலேஜ், பிறகு கல்யாணம் என்று எனக்கு வரிசையாகக் காத்திருந்தது. இதை விட்டால் வேறு கடல் கிடைக்காது என்று நன்றாகத் தெரியும்.

தீவில் எங்களுக்குப் பயிற்சி தந்தவர் ஒரு மலேசியத் தமிழ் அக்கா. படகிலிருந்து இறங்கியதுமே "பசியாறியாச்சா?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்பதை இவ்வளவு அழகாகக் கூடக் கேட்கலாமா என்று நான் உருகிப்போனேன். மறுநாள் காலையில் இடுப்பளவுத் தண்ணீரில் எங்களை வரிசையாக நிறுத்தி முதல் பாடத்தைச் சொன்னார்.

"சிலிண்டர் போட்டுக்கிட்டு உள்ள போனா, மூச்ச மட்டும் பிடிக்கவே கூடாது. பிடிச்சுக்கிட்டே மேல வந்தா உள்ள இருக்கற காத்து விரிஞ்சு நுரையீரல் கிழிஞ்சிரும். மத்த தப்பெல்லாம் மன்னிப்பேன்லா. இத மன்னிக்க மாட்டேன்."

நான் தம்முவைப் பார்த்தேன். தம்மு என்னைப் பார்க்கவில்லை. பிறந்தது முதல் அவள் செய்துவந்த ஒரே தொழிலுக்கு ஒரே மூச்சில் தடை போட்டுவிட்டார்கள்.

தண்ணீருக்குள் மூச்சு விட்டால் குமிழி மேலே வரும். எல்லார் தலைக்கு மேலும் குமிழி பொங்கியது. தம்முவின் தலைக்கு மேல் மட்டும் தண்ணீர் சலனமே இல்லாமல் இருந்தது. அக்கா அவளைப் பிடித்துத் தூக்கினார்.

"ஏன் மூச்சு விடல?"

"விட்டேனே."

"பபிள் எங்க?"

"சின்னதா விட்டேன்."

மூன்று நாள் இதே கூத்து நடந்தது. நான்காம் நாள் அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். கடலுக்குள் ஜோடி ஜோடியாகத்தான் அனுப்புவார்கள். ஒருத்திக்கு ஒருத்தி பொறுப்பு. நாளைக்கும் தம்முவிடமிருந்து குமிழி வராவிட்டால், ஜோடியாகிய நாங்கள் இரண்டு பேருமே கரையில் உட்கார்ந்து ஆமை முட்டைகள் குஞ்சு பொரிக்கிற இடத்துக்கு மணல் சலிக்க வேண்டியதுதான். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் மணல் சலிக்கக் கடல் தாண்டி வருவானேன்? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக்கரையில் இல்லாத மணலா?

அன்று மத்தியானம் தென்னை மரத்தடியில் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினேன். உன் வீம்புக்கு நான்தான் கிடைத்தேனா, ஊரில் என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன் என்று ஆரம்பித்து, சின்ன வயதில் அவள் உடைத்த என் ஜாமெட்ரி பாக்ஸ் வரைக்கும் போனேன். கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

"வீம்பு இல்லடி, பயம். பயம் வந்தா அதுவா நின்னுடும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நீங்கள்லாம் ஏதோ வேணும்னு பிடிக்கறேன்னு நெனச்சீங்க. சரி, சாமானும் கிடைக்குதேன்னு நானும் விட்டுட்டேன். அஷ்டே."

அஷ்டே என்றால் கன்னடத்தில் அவ்வளவுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் அந்த நீச்சல்குளம், அந்த நூறு?

"கால் வழுக்கி விழுந்தேன். வெக்கமாப் போச்சு. அதான் எண்ணற மாதிரி நடிச்சேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் ஊரே வீரம் என்று நினைத்தது பயமாம். வீட்டில் நின்ற மூச்சு எப்படித் திரும்பி வரும் என்று கேட்டேன். அப்பா முதுகைத் தட்டி ஸ்டேஷன் பெயரைச் சொல்லச் சொல்வாராம். கார்டு பெண்ணுக்கு வாய்ப்பாடு வருவதற்கு முன்னால் மைசூர் பெங்களூர் லைன் மனப்பாடம். வாயைத் திறந்து ஊர்ப்பெயரைச் சொன்னால் மூச்சு வெளியே வந்துதானே ஆகவேண்டும்?

சாயங்காலம் வரைக்கும் ஆழமில்லாத தண்ணீரில் பழகினோம். ஒரு மூச்சுக்கு ஒரு ஸ்டேஷன். சிலிண்டரின் ரப்பர் குழாயைக் கடித்துக்கொண்டு சொன்னால் எல்லா ஊரும் ஒரே ஊராகத்தான் கேட்கும், ஆனாலும் குமிழி வந்தது. மைசூர். நாகனஹள்ளி. ஸ்ரீரங்கப்பட்டணம். பாண்டவபுரத்தில் கொஞ்சம் திக்கியது. தள்ளிவிட்டதில் மண்டியாவைத் தாண்டிவிட்டாள். மறுநாள் பரீட்சையில் அக்கா வெகுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, இந்தப் பெண் உள்ளே ஏதோ மந்திரம் சொல்கிறது, சொல்லட்டும் என்று தேர்ச்சி கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடலிலிருந்து மேலே வரும்போது நேரே வந்துவிடக் கூடாது; கொஞ்சம் ஆழத்திலேயே மூன்று நிமிடம் நின்று வர வேண்டும். அக்கா அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் சொன்னார். தம்மு அதற்கு மத்தூர் என்று பெயர் வைத்தாள். மத்தூரில் வண்டி நிற்கும், வடை வரும், அவசரப்பட்டு என்ன பிரயோஜனம் என்பது அவள் கட்சி. உள்ளங்கையில் வடை தட்டுவதுபோல் காட்டினால் மத்தூர். மத்தூர் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஜெர்மானியப் பையன்கள்கூட ஒரு வாரத்தில் நடுக்கடலில் வடை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருநாள் அக்காவும் தட்டினார்.

எங்களுக்குக் கிடைத்த வேலை, பவளப்பாறை மேலே கட்டியிருந்த கயிற்றோடு நீந்திப்போய் ராட்சசச் சிப்பிகளை எண்ணி ஒரு பிளாஸ்டிக் பலகையில் எழுதுவது. ஊதா உதடும் பச்சைப் புள்ளியுமாக அவை வாயைத் திறந்துகொண்டு கிடந்ததைப் பார்த்தபோது, தெருவில் அடித்த தமுக்கெல்லாம் குறைச்சல் என்று தோன்றியது. நான்காவது முறை இறங்கியபோது அந்த மிதப்பில்தான் பாறையில் முகத்தை இடித்துக்கொண்டேன். கண்ணையும் மூக்கையும் மூடியிருந்த முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. மூக்கால் ஊதினால் போய்விடும். பத்து முறை செய்து காட்டியவள்தான் நான். அந்த நேரத்தில் ஒன்றும் நினைவில்லை. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியதும் நெஞ்சு நிறையக் காற்றோடு வாயை இறுக்கிக்கொண்டு மேல்நோக்கி உதைத்தேன். அக்கா மன்னிக்க மாட்டேன் என்ற அந்த ஒரே தப்பு.

யாரோ என் தோள்பட்டியைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். தம்மு. கண்ணாடியோடு கண்ணாடி முட்டுகிற மாதிரி முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு ம்ஹூர், ம்ஹூர் என்றாள். மைசூராம். என்னால் முடியவில்லை. வயிற்றில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். மைசூர் மொத்தமாக வெளியே வந்தது. நாகனஹள்ளியை இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூக்கால் ஊதிக் கண்ணாடியிலிருந்த தண்ணீரைத் தள்ளினேன். மத்தூரில் மூன்று நிமிடமும் அவள் என் பட்டியை விடவில்லை. இன்னொரு கையால் தன் தொடையில் வடை தட்டிக் காட்டினாள். சிரித்துத் தொலைத்தேன், மறுபடியும் கண்ணாடிக்குள் தண்ணீர்.

படகில் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஒரு துண்டை எடுத்து என் தலையில் போட்டாள். உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"உயிரே போச்சுடி. என் மூச்சும் நின்னுதான் போச்சு. ஆனா உன் தலைக்கு மேல பபிள் வரலயா, அதப் பாத்ததும் என்னோடது தானா வந்துடுச்சு."

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒரு நல்ல வார்த்தை சொன்னேனா? அதற்காக இப்படியா குத்துவாய் என்று சண்டைக்குப் போனேன். தம்மு இப்போது ஹுப்ளியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள், குத்தின் பலம் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. போனில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, அதனால் இங்கேயே படித்துக்கொள்ளட்டும். தம்மு என்றால் எனக்கு உயிர்.