சுப்பையா மேஸ்திரிக்கு நாலு இலக்கு

சுப்பையா மேஸ்திரி தன்னிடம் வேலை செய்யும் ஜடையனுக்குத் தர வேண்டியது ஏழாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். முட்டி வலிக்கு ஊசி போட வாங்கியது. ஊசியின் பலன் ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. கடன் அப்படியே இருந்தது.

மேஸ்திரி ஆட்களுக்கு முன்பணம் கொடுப்பதும், ஆட்கள் அதை வேலையில் கழிப்பதும்தான் டைல்ஸ் வேலையில் நடைமுறை. இங்கே அது தலைகீழாகக் கிடந்தது. ஜடையன் ஒருநாளும் பணத்தைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சுப்பையா நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். அவன் கேட்காமல் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்ததுதான் அவரை உறுத்தியது.

இதை எப்படித் தீர்ப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் ஸ்மிதா மேடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு நாலு மாடி எழுப்பியிருந்தார்கள். தரை வேலை முழுக்கச் சுப்பையாவின் கூட்டம். ஜடையன், கெம்பையன், கலவை போட்டுச் சுமக்கும் பஞ்சவர்ணம், எல்லாரும் கர்நாடக எல்லையோரத் தமிழ் ஊரான மார்டள்ளிப் பக்கத்து ஆட்கள். ஸ்மிதா, அதைக் கட்டும் கம்பெனியின் ஆபீஸில் ஆட்களைக் கவனிக்கும் பிரிவில் இருப்பவர். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட குடும்பம். தமிழைக் கன்னடம் தொட்டுக்கொண்டுதான் பேசுவார்.

விஷயம் இதுதான். கம்பெனி இந்த சைட்டுக்கு ஒரு சூப்பர்வைசர் போடப் போகிறது. மாதச் சம்பளம், பி.எஃப்., வெள்ளை ஹெல்மெட். வெளியிலிருந்து ஆள் எடுப்பதில்லை, கூட்டத்துக்கு உள்ளேயே ஒருவர்தான். சூப்பர்வைசர் வந்துவிட்டால் அப்புறம் மேஸ்திரி என்று தனியாக ஒரு ஆள் கிடையாது.

"நீங்க நல்ல லீடர்னு காட்டணும், அஷ்டே, அவ்வளவுதான்," என்றார் ஸ்மிதா.

"நான் பல வருசமா மேஸ்திரியாத்தானுங்க மேடம் இருக்கறேன்."

"அதை நாங்க அளக்கணுமே அண்ணா."

அளப்பது என்றதும் சுப்பையாவுக்குத் தைரியம் வந்தது. நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, அளந்துதான் போடுவதாகச் சொன்னார். அளக்கப் போவது டைல்ஸை இல்லை, அவரை என்று ஸ்மிதா விளக்கினார். மொத்தம் நாலு இலக்கு. ஒவ்வொரு ஆளையும் தினம் ஒருமுறை பாராட்ட வேண்டும். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் பேச வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருவரும் வேலையை விட்டுப் போகக் கூடாது. நாலாவது, சுப்பையா இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்படி ஒரு ஆளைத் தயார் செய்ய வேண்டும். சாயந்தரமானால் ஆட்கள் போனில் ஒரு முகத்தை அழுத்த வேண்டும். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம்.

சுப்பையா எல்லாவற்றுக்கும் சரி என்றார். முப்பது வருடமாக முட்டி போட்டே பிழைத்த மனிதர். ராத்திரி படுத்தால் கால் நீட்ட முடியவில்லை. வெள்ளை ஹெல்மெட் போட்டவர்கள் முட்டி போட்டு அவர் பார்த்ததில்லை. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்த நிற்பது மட்டும் கிடைத்தால் போதும். முதல் மாதச் சம்பளத்தில் ஜடையன் கடனையும் அடைத்துவிடலாம்.

மறுநாள் காலை கெம்பையனிடமிருந்து தொடங்கினார். ஹாலில் அவன் பாதி வரிசை முடித்திருந்தான்.

"கெம்பா, ரொம்ப நல்லா போட்டிருக்கே."

கெம்பையனின் கை அந்தரத்தில் நின்றது. எழுந்து போய் வாளித் தண்ணீரில் கலவைக் கரண்டியைக் கழுவ ஆரம்பித்தான்.

சுப்பையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு ஆளை வேலையிலிருந்து நிறுத்துவதென்றால் அவர்கள் கூட்டத்தில் முகத்துக்கு நேரே 'போ' என்று சொல்வது மரியாதையில்லை. மேஸ்திரி வந்து உட்கார்ந்து வேலையைப் பாராட்டுவார். முன்பணத்தில் மீதி நின்றால் அது வேண்டாம் என்பார். அவ்வளவுதான். ஆள் புரிந்துகொண்டு கரண்டியைக் கழுவிப் பையைக் கட்டுவான். யாருக்கும் மனஸ்தாபம் இருக்காது. சுப்பையாவே பலபேரை இப்படி அனுப்பியிருக்கிறார். மற்றபடி, திட்டு வாங்குகிறவனுக்குத்தான் அடுத்த சைட்டிலும் வேலை உண்டு.

"என்ன தப்புப் பண்ணுனேனுங்ணா?" என்றான் கெம்பையன், கரண்டியைத் துடைத்தபடி.

"ஒரு தப்பும் இல்லடா. நெசமாத்தான் நல்லா இருக்குது."

கெம்பையன் பையை எடுக்கப் போய்விட்டான். முன்பணத்தில் அவன் கழிக்க வேண்டியது இரண்டாயிரம் நின்றது. அதையும் வேண்டாம் என்று அவர் எப்போது சொல்வார் என்று வாசலில் காத்து நின்றான்.

சுப்பையாவுக்கு வேறு வழி தெரியவில்லை. "அந்த மூலையைப் பாருடா மடையா. எறும்பு குடும்பத்தோட போற அளவுக்கு சந்து விட்டிருக்கறே. கண்ணு பொடனியிலயா இருக்குது உனக்கு?" என்று கத்தினார். கெம்பையன் முகம் தெளிந்தது. பையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

சாயந்தரம் போனில் 'உங்கள் லீடர் இன்று பாராட்டினாரா' என்ற கேள்விக்கு ஆமாம் என்று அழுத்தினான். 'எப்படி இருந்தது' என்ற கேள்விக்கு அழுகிற முகத்தை அழுத்தினான். பாராட்டியதற்கு ஏன் அழுதார் என்று ஸ்மிதா போன் செய்து கேட்டார். சந்தோசத்தில் அழுதுவிட்டான் என்று சுப்பையா சொல்லிவைத்தார்.

அடுத்த நாள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். இனிமேல் தான் பாராட்டினால் அது பாராட்டில்லை, கம்பெனி உத்தரவு, யாரும் பயப்பட வேண்டாம் என்றார்.

பஞ்சவர்ணம் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எங்க வேலை நல்லா இல்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்குது."

"இது நீங்க சொல்றதுங்களா, கம்பெனி சொல்றதுங்களா?"

அன்றைக்கு மூன்று பேருமே அழுகிற முகம்.

பாராட்டு கைகொடுக்காததால், தனியாகப் பேசுகிற இலக்கை எடுத்தார். பஞ்சவர்ணத்தை மொட்டை மாடிக்குத் தண்ணீர்த் தொட்டியருகே வரச் சொன்னார். அங்கேதான் தவறு நடந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவரைத் தனியாக அழைத்துப் பேசியது ஒரே ஒருமுறை. ஊரில் கெம்பையனின் அப்பா தவறிய அன்றைக்கு.

"வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று ஸ்மிதா சொல்லிக்கொடுத்தபடியே ஆரம்பித்தார்.

பஞ்சவர்ணம் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். "யாருங்ணா?"

"யாருமில்லம்மா."

"சொல்லிருங்ணா. நான் தாங்கிக்குவேன்."

அவளை எப்படியாவது அமைதிப்படுத்த வேண்டுமே என்று, "மொதல்ல நீ உக்காரு, ரெண்டு மொடக்கு தண்ணி குடி," என்றார் சுப்பையா. அவள் வைத்த ஓலம் கீழ்த்தெரு வரைக்கும் கேட்டது. ஓடிவந்த கெம்பையனும் அவளோடு சேர்ந்து அழுதான். யாருக்காக என்று அவனுக்கும் தெரியாது.

அவள் மார்டள்ளியில் இருக்கும் அண்ணன் குப்புசாமிக்குப் போன் போட்டாள். அழுகையில் 'மேஸ்திரி' என்ற ஒரு வார்த்தைதான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பிறகு சார்ஜ் தீர்ந்துவிட்டது. குப்புசாமி வீடுவீடாகப் போய் விசாரித்தான். ஊரில் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். ஆகவே போனது மேஸ்திரிதான் என்று முடிவு செய்தான்.

மறுநாள் காலை சைட் வாசலில் ஒரு வேனில் ஏழு பேர் மாலையோடு வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்தது சுப்பையா. குப்புசாமி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான். பெண்கள் பாதியில் ஒப்பாரியை நிறுத்தினார்கள். அதே நேரத்தில் தெருமுனையில் ஸ்மிதாவின் ஸ்கூட்டர் திரும்பியது. வாங்கின மாலையைத் திருப்பிக் கொண்டுபோவது நல்லதில்லை என்று குப்புசாமிக்குத் தோன்றியிருக்க வேண்டும். சுப்பையாவின் கழுத்தில் போட்டுவிட்டான்.

ஸ்மிதா போட்டோ எடுத்துக்கொண்டார். ஆட்களின் குடும்பமே ஊரிலிருந்து வந்து லீடருக்கு மாலை போடுவதை அவர் எந்த சைட்டிலும் பார்த்ததில்லை என்றார். அதற்குத் தனி மதிப்பெண் உண்டாம். மேஸ்திரி செத்தால் கிடைக்கும் மாலைக்கு மதிப்பெண் வாங்கிய முதல் ஆள் சுப்பையாவாகத்தான் இருக்கும். ஏழு பேருக்கும் டிபன் வாங்கிக்கொடுத்ததில் அந்த வாரக் கூலி போனது.

அன்றைக்கு மத்தியானம் அவர் ஜடையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தான் வாயைத் திறந்தாலே அழுகிறார்கள், இந்தப் பாராட்டையும் பேச்சையும் அவன் பார்த்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். பணம் தர வேண்டிய ஆளிடமே உதவியும் கேட்பது கூச்சமாகத்தான் இருந்தது. ஜடையன் டைல்ஸின் விளிம்பைத் துணியால் துடைத்தான்.

"எனக்குப் பேச வராதுங்ணா."

"பேச வேண்டாம். சும்மா கேளு."

ஜடையன் தனியாக யாரையும் கூப்பிடவில்லை. வேலை செய்துகொண்டே பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டான். கலவை சுமந்து பஞ்சவர்ணத்துக்குத் தோள் இறங்கிப்போவது தெரிந்ததும், மேல் மாடிக்குக் கயிற்றில் இழுக்க ஒரு உருளை மாட்டினான். கெம்பையன் மகளுக்கு ஸ்கூல் திறக்கிற நாளில் அவனுக்குப் பதிலாகத் தானே சாயந்தரம் வரை நின்று போட்டான். பாராட்டும் அவன் வாயிலிருந்து வந்தபோது யாரும் கரண்டியைக் கழுவவில்லை. நிறுத்துகிற அதிகாரம் அவனுக்கு இல்லையே.

போனில் சிரிக்கிற முகங்கள் வர ஆரம்பித்தன. சுப்பையா தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார். ஒரே ஏற்பாட்டில் முதல் இரண்டு இலக்கும் நடந்தன. ஒருவரும் போகவில்லை என்பதால் மூன்றாவதும் சரி. நாலாவதுக்கும் ஜடையன் பெயரையே கொடுத்துவிட்டார். முட்டியைக் காரணம் சொல்லிப் பத்து நாள் லீவு போட்டுக்கூடப் பார்த்தார். திரும்பி வந்தபோது இரண்டாவது மாடி முடிந்திருந்தது. தான் இருந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது என்று ஸ்மிதாவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார். ஸ்மிதா அதைக் குறித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் முடிந்த அன்று ஸ்மிதா வந்தார். மொத்த மைசூரிலும் இந்த டீம்தான் முதலாவது என்றார். பிறகு சுப்பையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப நல்லா பண்ணிட்டீங்க அண்ணா. நாலாவது இலக்கை இது வரைக்கும் எந்த மேஸ்திரியும் முடிச்சதே இல்ல."

பஞ்சவர்ணம் கெம்பையனைப் பார்த்தாள். கெம்பையன் தரையைப் பார்த்தான். சுப்பையா இருந்த சந்தோசத்தில் இது எதையும் கவனிக்கவில்லை.

ஸ்மிதா ஜடையனைக் கூட்டிக்கொண்டு கீழே போனார். தனக்கு வர வேண்டிய வெள்ளை ஹெல்மெட்டை அவனிடம் கொடுத்தனுப்பப் போகிறார் என்று சுப்பையா நினைத்துக்கொண்டார். ஜடையன் விட்டுப்போன இடத்தில் பாத்ரூம் வாசல் டைல்ஸ் ஒன்று பாக்கி இருந்தது. இதுதான் கடைசி என்று முட்டிக்குச் சொல்லிவிட்டு, அதைத் தானே போட உட்கார்ந்தார். வெகுநாளைக்கப்புறம் ஆசையாகப் போட்டார். நூல் பிசகவில்லை.

ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஜடையன் படியேறி வந்தான். கையில் வெள்ளை ஹெல்மெட். சுப்பையா கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

ஜடையன் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டான். அதன் முன்பக்கத்தில் 'ஜடையன்' என்று ஒட்டியிருந்தது. ரசமட்டத்தை எடுத்துப் புதிதாகப் போட்ட டைல்ஸின் மேல் வைத்தான். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். எங்கேயும் அடியில் வெற்றிடம் காட்டும் பொள்ளல் சத்தம் இல்லை. மற்ற இருவரும் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

சுப்பையா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "ஏதாச்சும் சொல்லுடா. கோணலா இருக்குதா? மூலையில சந்து தெரியுதா? திட்டணும்னா திட்டிரு, நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்."

ஜடையன் ரசமட்டத்தை எடுத்துத் துணியால் துடைத்தான்.

"ஒரு குறையும் இல்லீங்ணா. ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க. அப்பறம், அந்த ஏழாயிரத்து நானூத்தம்பது… அது நீங்க தர வேண்டாமுங்க."