பஷீர் பாயின் ரயிலும் என் கற்பூரமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துவிட்டேன். பேனாவை எடுப்பேன், "முருகா" என்பேன், வைத்துவிடுவேன். மறைக்கிற விஷயம் ஒன்றும் இல்லை. நடந்த மறுநாளிலிருந்து கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவரும் நம்பவில்லை. அச்சில் பார்த்தாலாவது நம்புவார்களோ என்ற நப்பாசையில் எழுதுகிறேன். (பள்ளிக்கூடத்தில் நான் அதிக நாள் தங்கவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.)

அப்போது எனக்கு ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் தோல் பதனிடும் ஆவாரம் பட்டையை நிறுத்துப் போடும் வேலை. அங்கேயே தோல் தரம் பார்த்துப் பிரிப்பவர் பஷீர் பாய். லீவு நாள் வந்தால் பாய் மலை ஏறப் போய்விடுவார். அவரைப் போலவே வேலூரிலும் பேரணாம்பட்டிலும் திருப்பத்தூரிலும் சில மலைப் பைத்தியங்கள் இருந்தார்கள். போன இடத்தில் எடுத்த போட்டோக்களை ஒரு கட்டாகக் கட்டி ஊர் ஊராகச் சுற்றுக்கு விடுவார்கள். கட்டு வந்தால் பார்ப்பது, தன் படம் ஒன்றைச் சேர்ப்பது, அடுத்த ஊருக்கு அனுப்புவது. திருப்பத்தூரில் அந்தக் கட்டை வாங்குகிறவன் என் மைத்துனன் தணிகாசலம். மகா பக்திமான். (எனக்கே பயமாக இருக்கும்.)

பாய்க்கு ஒரே ஆசை. இருட்டில், மலைமேலிருந்து, பாலாற்றங்கரை ஓரமாக மெயில் ரயில் வளைந்து போவதை எடுக்க வேண்டும். காமிராவின் மூடியைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் ரயில் மறைந்து அதன் வெளிச்சம் மட்டும் நெருப்புக் கோடாக உள்ளே இருக்கும் கண்ணாடித் தகட்டில் விழுமாம். மாற்றலாகிப் போகும் ஒரு அதிகாரியைக் கெஞ்சி அவருடைய காமிராப் பெட்டியை இரவல் வாங்கியிருந்தார். விடிந்தால் பெட்டியைக் கொடுத்துவிட வேண்டும். கையில் இருந்த கண்ணாடித் தகடும் ஒன்றே ஒன்றுதான்.

இப்படிப்பட்ட காரியத்துக்கு அவர் துணைக்கு அழைத்தது என்னை. அவருடைய தலையெழுத்து.

சித்திரை மாதம், நிலா இல்லாத இரவு. மலைமேல் காமிரா முக்காலியை நிறுத்தி, பெட்டியைப் பொருத்தி, பாய் சொன்னார்: "ஏகாம்பரம், நான் பின்னால அந்தப் பாறை மேல ஏறி ரயிலப் பாக்குறேன். வால் மறைஞ்சதும் குரல் குடுப்பேன். ஒடனே மூடியப் போடு. அதுவரைக்கும் பொட்டியத் தொடாதே. லாந்தர அணைச்சுடு."

அணைத்தேன். மூடியைத் திறந்துவிட்டு அவர் ஏறிப் போனார்.

அன்று கிருத்திகை. எதிர்மலையில் முருகன் கோயில். கிருத்திகை இரவில் அவனுக்குக் கற்பூரம் காட்டாமல் நான் தூங்கியதில்லை. மடியில் கற்பூரமும் சின்னத் தட்டும் இருந்தன. லாந்தரைத்தானே அணைக்கச் சொன்னார்? சாமிக்குக் காட்டுகிற வெளிச்சத்தைச் சொல்லவில்லையே! பெட்டியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு பத்தடி முன்னால் போய் நின்றேன். (பெட்டி அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது என் மண்டையில் ஏறவில்லை.) தட்டைத் தலைக்கு மேலே தூக்கி, பெரிய வட்டமாக, உருகி உருகிச் சுற்றினேன். கீழே மெயில் போயிற்று.

மேலேயிருந்து குரல் வந்தது: "இன்னாப்பா, கற்பூர வாசனை?"

"கிருத்திகை, பாய்!"

"சரி சரி, பொட்டிய மட்டும் தொடாதே."

தொடவே இல்லை. மூடச் சொல்லிக் குரல் கேட்டதும் ஓடிவந்து மூடியைப் போட்டேன்.

இருட்டறையில், சிவப்பு விளக்கில், தகட்டை மருந்தில் கழுவும்போது முதலில் ரயில் வந்தது. அடடா, வளைந்த கம்பி மாதிரி! பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அதற்கு மேலே, ஆகாயத்தில், யாரும் பிடிக்காமல் தானாக நிற்கிற ஒரு நெருப்பு வளையம் வந்தது.

"யா அல்லா! இது இன்னா?"

சொன்னேன். பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். தகட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "போவட்டும், ரயிலு இருக்குல்ல" என்றார். தகட்டிலிருந்து காகிதத்தில் ஒரே ஒரு படம் போட்டுப் போட்டோக் கட்டில் சேர்த்தார்.

திருப்பத்தூர் போன கட்டு அதோடு நின்றுவிட்டது. தணிகாசலம் படத்தைப் பூஜையில் வைத்துவிட்டான். வளையத்துக்குள் வேல் தெரிகிறதாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு மயில் தெரிந்ததாம். நான் கற்பூரம் காட்டியதற்கு முருகனே ஜோதியாக வந்தான் என்று தணிகாசலம் பரப்ப, என் வீட்டு வாசலில் விபூதி கேட்டு ஆள் நின்றது. மாட்டுக்குச் சுகமில்லை என்று ஒருவர் மாட்டோடு வந்தார். "ஐயா, அது என் கற்பூரம்" என்று கதறினேன். "எவ்ளோ அடக்கம் பாரு" என்று காலில் விழுந்தார்கள். எனக்கு உரியதல்லாத கும்பிட்டை வாங்கிக்கொண்டு முருகன் முகத்தில் எப்படி விழிப்பது?

உண்மையை நிரூபிக்க ஒரு வழி தோன்றியது. பாயிடம் போய்த் தகட்டையே கேட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் காகிதப் படத்தில் விழாத என் விரல் வளையத்துக்குக் கீழே மங்கலாகத் தெரியும். பாய் தயங்கினார். "ஈரம் படாம பாத்துக்கப்பா. படம் நிக்கிறது மேல இருக்கிற வெறும் பசையிலதான்."

திருப்பத்தூர் போனேன். தகட்டைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்து, "விரலைப் பாருடா" என்றேன். கால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் உள்ளே மணிச் சத்தம்.

ஓடினேன். தாம்பாளத்தில் தகடு. அதன்மேல் காய்ச்சிய பால். மஞ்சள் தடவித் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், இன்னாடா பண்றே!"

"மூலமே வீட்டுக்கு வந்திருக்கு மாமா. அபிஷேகம் பண்ணாம எப்பிடி?"

பசை தோல் உரிந்த மாதிரி சுருண்டு பாலில் மிதந்தது. வளையம் போயிற்று, விரல் போயிற்று, ரயில் போயிற்று. தணிகாசலம் கண்ணீர் விட்டான்: "ஜோதி ஐக்கியமாய்ட்டது மாமா!" பூஜையில் இருந்த படத்தையாவது பிடுங்கலாம் என்று பார்த்தேன். பாதிக்குக் கீழே சந்தனம் அப்பி, காய்ந்து, காகிதத்தோடு ஒட்டிப் போயிருந்தது. ரயில் அதற்கு அடியில்.

வெறும் கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பாயிடம் கொண்டுபோனேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அந்தப் பக்கம் அவர் முகம் பளிச்சென்று தெரிந்தது.

"சுத்தமா இருக்கே, ஏகாம்பரம்."

"பாய்..."

"உங்க சாமி என் ரயில்லயே ஏறிப் போய்ட்டார் போல." சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. பிறகும் என்னோடு பேசினார், ஈத் அன்று பிரியாணி அனுப்பினார். மலைக்கு மட்டும் என்னைக் கூப்பிடவில்லை. அவருக்கு வேறு பெட்டியும் கிடைக்கவில்லை.

இன்றைக்கும் என் வீட்டில் கற்பூரம் ஏற்றினால், மருமகள் உள்பட எல்லோரும் ஒரே குரலில், "முன்னால ரயில் வருதா பாத்துக்குங்க!" என்பார்கள். நானும் சிரிப்பேன். திருப்பத்தூரிலோ கதை வளர்ந்துகொண்டே போகிறது. போன வருஷம் கேட்டபோது நான் அந்தரத்தில் நின்றேனாம். அதில் பாய் இல்லை. ரயிலும் இல்லை.

படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். வேல் வேண்டாம், மயில் வேண்டாம். வளையம் போட்டவன் பட்டை நிறுக்கும் ஏகாம்பரம். அதன் கீழே நெருப்புக் கோடாக ஒரு ரயில் போயிற்று, அதைப் பிடித்தவர் பஷீர் பாய். நான் கண்ணால் பார்த்தேன். எதைச் சொல்ல மறந்தாலும் அந்த ரயிலைச் சொல்லிவிடுங்கள்.