கெடுவதற்குள் வருபவர்

ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்களில் 'கெடுவதற்குள் வருபவர்' என்று ஓர் இனம் உண்டு. எந்த ஊரையும் இவர் சும்மா பார்க்கமாட்டார். அது கெட்டுப்போவதற்கு முன்னால் பார்த்துவிடுவார்.

"மகாபலிபுரமா? முடிஞ்சுபோச்சு சார். பாண்டிச்சேரியா? பேசவே பேசாதீங்க. நடுவுல மரக்காணம்னு ஒண்ணு இருக்குது. இன்னும் எவன் கண்ணும் படல!"

அந்த ஊர்க்காரர்கள் விடியும் முன்பே எழுந்து உப்பு வாரப் போகிறார்களே, அவர்கள் கண்ணெல்லாம் கணக்கில் வராது.

இந்த இனத்தின் அசல் சரக்கு நம் அருண்ராஜ். மாதம் ஒரு ஞாயிறு சென்னையிலிருந்து வருவார். உப்பளத்தோரம் காரை நிறுத்தி, உப்புக் குவியலைப் பத்துக் கோணத்தில் படமெடுத்து, குறுக்கே நிற்கும் மொபெட்காரரை "கொஞ்சம் தள்ளிக்குங்க, நேச்சுரலா இருக்கணும்" என்று கெஞ்சி நகர்த்தி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து மீனவர் குப்பத்து வைஜெயந்தி கடைக்கு வந்து சேர்வார். நாலு வறுத்த மீன் உள்ளே போனால்தான் பேச்சு வரும்.

வைஜெயந்திக்கு அந்தக் கடைதான் எல்லாம். பத்து வருஷம் மீன்கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக நடந்ததில் முழங்கால் போய்விட்டது. கடை ஓடாவிட்டால் மறுபடியும் கூடைதான். அதனால் ஒரு போர்டு வாங்கி வைத்திருந்தாள். பெயர் மட்டும் இன்னும் எழுதவில்லை. அதைப் பார்த்து அருண்ராஜ் பதறிப்போனார்.

"ஐயையோ, போர்டா? வேணாம்மா! போர்டு வெச்சா கும்பல் வரும், கும்பல் வந்தா ரிசார்ட் வரும், எல்லாம் நாசமாப் போயிடும்!"

"கும்பல் வந்தாத்தான சார் மீன் விக்கும்?"

அருண்ராஜ் ஒரு பெருமூச்சு விட்டார். வாடிக்கைக்காரர் முகம் வாடுகிறதே என்று அவளும் போர்டை மூலையில் சாய்த்து வைத்தாள்.

அன்று சாயங்காலமே மனிதர் தன் சிநேகிதர்கள் எழுபது பேருக்குப் படமும் வழியும் அனுப்பினார். கூடவே ஒரு வரி: 'யாரிடமும் சொல்லாதீர்கள்.'

அடுத்த மாதம் வந்தால், மணல் முழுக்கக் கார். உட்கார இடமில்லை. மீனும் தீர்ந்துவிட்டது.

"யாரும்மா இவங்களுக்கெல்லாம் சொன்னது?" உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.

"நீங்கதான் சார்! எல்லாரும் உங்க போட்டோவத்தான் காட்டுறாங்க. சாப்பிட்டுட்டு, 'யாருகிட்டயும் சொல்லாதீங்க'ன்னு எங்கிட்டயே சொல்லிட்டுப் போறாங்க. இனிமே நான் கூடை தூக்க வேணாம் சார். நீங்க நல்லா இருக்கணும்!" என்று சிரித்துக்கொண்டே கூரையைக் காட்டினாள். போர்டு ஏறியிருந்தது. 'யாரிடமும் சொல்லாதீர்கள் மீன் கடை.'

அருண்ராஜ் இப்போது வேறு குப்பம் தேடுகிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், 'ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்பணும், இந்த ஞாயிறே போனால் கூட்டம் குறைவாக இருக்குமோ' என்று நடுவில் யோசித்தது யார்? சரி, போவதென்றால் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். அப்புறம் மீன் இருக்காது. உங்களுக்கு என்பதால்தான் சொல்கிறேன்.