லாரிக்குப் பின்னால் ஓல்டான்

பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் நடுவில் ஓல்டானைக் கேட்காமல் ஒரு சாண் பின்னால் நகர்ந்த லாரி கிடையாது. முன்னால் போகிற வண்டி எங்கே போய் முட்டினாலும் அவனுக்குக் கவலை இல்லை. பின்னால் போகிற வண்டிக்கு மட்டும் அவன்தான் மாமியார்.

ரோட்டை அகலப்படுத்துகிற வேலை அது. தார் போடுவதற்கு முன்னால் ரோட்டைப் பெருக்குகிற கோஷ்டியில் நாங்கள் ஆறு பெண்கள். பேரன் பேத்தி எடுத்தவள் நான் ஒருத்திதான், அதனால் தலைவியும் நான்தான். பின்னால் வருகிற லாரிக்கு வழி சொல்வது ஓல்டான் வேலை. மற்றவர்கள் "வா, வா, வா" என்று பத்துத் தடவை கூப்பிட்டு, கடைசியில் நிறுத்துவதற்கு "ஓல்டான்" என்பார்கள். இவன் வாயைத் திறந்தாலே "ஓல்டான்!"தான். டிரைவர் இறங்க வேண்டும், லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும், பின்னால் ஆள் இல்லை என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம்தான் "வா". பெற்றவள் வைத்த பெயரை நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.

பச்சைச் சட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள், இருட்டில் மின்னுகிற பட்டை வைத்தது. அதைக் குளிக்கும்போதாவது கழற்றுவானா என்று எங்களுக்குள் பெரிய சந்தேகம். திருமழிசையில் ஒரு கல்யாணத்துக்கும் அதையே மாட்டிக்கொண்டு வந்தான். மாப்பிள்ளை கார் மண்டபத்துக்குள் ரிவர்ஸில் வந்தது. குறுக்கே போய் நின்றுவிட்டான்.

"ஓல்டான்! நைனா, நீ எறங்கு. டிரைவரு, நீயும் எறங்கி ஒரு ரவுண்டு வா."

"யோவ், நல்ல நேரம் போவுதுய்யா!" என்று மாப்பிள்ளையின் மாமா கத்தினார்.

"நல்ல நேரம் இன்னும் பத்து நிமிசம் கீது. ஆளு போய்ட்டா எந்த நேரத்துல தாலி கட்டுவ?"

மாப்பிள்ளை மாலையோடு இறங்கிக் காரைச் சுற்றி வந்தான். அக்னியைச் சுற்றுவதற்கு ஒத்திகை என்று நான்தான் சொன்னேன். பெண் வீட்டார் என்னை முறைத்தார்கள்.

எங்களுக்கும் அவனுக்கும் சண்டை வந்தது சாப்பாட்டில். ரோட்டுக்காக மரத்தையெல்லாம் வெட்டிவிட்டதால், மத்தியானம் நிழல் என்றால் லாரி நிழல் ஒன்றுதான். நிற்கிற லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றுத் தூக்கைத் திறப்போம். எங்கிருந்தோ வருவான். குழம்புக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் நின்று தின்பான். மூன்று நாள் என் நெத்திலிக் கருவாடு போனது.

"கஸ்மாலம், உங்க ஊட்ல சோறு ஆக்க மாட்டாங்களா?"

"லாரி நெழல்ல குந்துனா கொழம்பு கெடையாது யக்கா. ஆனா நெத்திலி சூப்பரு. நாளைக்கும் அங்கயே குந்து."

கருவாட்டுக்குப் பயந்தே நாங்கள் வெயிலுக்கு மாறினோம்.

அப்புறம் ஒரு புது இன்ஜினீயர் வந்தார். "எல்லா வண்டியிலும் ரிவர்ஸ் ஹாரன் இருக்கு. இவர் எதுக்கு? ஒவ்வொரு டிரைவரும் இறங்கி ஏறுறதுக்குள்ள தார் ஆறிடுது" என்றார். ஓல்டான் கையில் சிவப்புக் கொடியைக் கொடுத்து ரோட்டின் அந்தக் கோடிக்கு அனுப்பிவிட்டார்.

எங்களுக்குத் தீபாவளிதான். "வாங்கடி, இன்னிக்கி நம்ம ராஜ்ஜியம்" என்று நானே எல்லோரையும் லாரி நிழலுக்குக் கூட்டிப் போனேன். துடைப்பங்களைத் தடுப்புச் சுவரில் வரிசையாகச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம். காலையிலிருந்து எல்லா லாரியும் பீங் பீங் என்று கத்தியதில், மத்தியானத்துக்குள் காது அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. எங்களுக்கு நிழல் கொடுத்த லாரியே கத்த ஆரம்பித்தபோதும் நான் விரலைச் சப்பிக்கொண்டிருந்தேன்.

சக்கரம் உருண்டது. ஐந்து பேரும் அலறிக்கொண்டு எழுந்து ஓடிவிட்டார்கள். எனக்கு மட்டும் முட்டி பிடித்துக்கொண்டது. கையை ஊன்றினால் கால் வரவில்லை.

"ஓல்டான்!"

அந்தக் கோடியிலிருந்து வந்தது அந்தக் குரல். எங்கள் லாரி நின்றது. ரோலர் நின்றது. பக்கத்து ரோட்டில் பஸ் நின்றது, ஷேர் ஆட்டோ நின்றது, பஸ்ஸிலிருந்த கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். சக்கரத்துக்கடியில் என் தூக்கு மூடி அப்பளமாகக் கிடந்தது. அதற்கு அடுத்து இருந்தது என் கால்.

ஓடி வந்து என்னை இழுத்துப் போட்டான். "தொடப்பம் ஆறு நிக்குது, பொம்பளைங்க ஒருத்தியும் கண்ல படல. அப்பவே தெரிஞ்சிச்சு யக்கா, எங்க குந்திகினு கீறீங்கன்னு."

இன்ஜினீயர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. "கொடியைப் போட்டுட்டு ஏன்யா வந்த? மொத்த வேலையும் நின்னுபோச்சு! இன்னியோட உன் வேலை சரி, கிளம்பு!"

ஓல்டான் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குத்தான் கோபம் ஏறிவிட்டது. நொண்டிக்கொண்டே போய்ச் சுவரிலிருந்த என் துடைப்பத்தை எடுத்து வந்தேன்.

"தபாரு சார். இந்த ஆளு லாரிக்குப் பின்னால நிக்கணும். இல்லாங்காட்டி இந்தா தொடப்பம், நீயே பெருக்கிக்கோ."

மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு துடைப்பத்தைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டார்கள். பெருக்காத ரோட்டில் தார் ஒட்டாது. அது அவருக்குப் படிப்பில் தெரியும், எங்களுக்கு முதுகில் தெரியும். பின்னால் நாலு லாரியில் தார் ஆறிக்கொண்டிருந்தது. அவர் துடைப்பத்தைப் பார்த்தார், லாரிகளைப் பார்த்தார், கடைசியில் அந்த நசுங்கின மூடியைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

"அவரே நிக்கட்டும்மா" என்றார். "டிரைவருங்க எல்லாரும் இறங்கிப் பார்த்துட்டுத்தான் எடுக்கணும்." மறுநாளே ரோட்டோரத்தில் நாலு கம்பு நட்டு எங்களுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தார். பெருக்குகிற பொம்பளைகள் ஒரு ஆளின் வேலையைக் காப்பாற்றிய ரோடு அது. இன்றைக்கும் பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவேன்.

அன்றைக்கு ஓல்டான் மறுபடி லாரிக்குப் பின்னால் போய் நின்றான். டிரைவர் மறுபேச்சில்லாமல் இறங்கிச் சுற்றி வந்தார். "வா" என்று கையைத் தூக்கினான். அந்தக் கை நடுங்கியது. சட்டென்று இறக்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் இருந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று அவன் முதுகை மறைத்து நின்றுகொண்டு, ஏற்கெனவே பெருக்கின இடத்தையே வெகுநேரம் பெருக்கிக்கொண்டிருந்தேன்.