தானே மடியும் கம்பளி

இனி இந்த ஜென்மத்தில் கம்பளி மடிப்பதில்லை என்று நான் சபதம் எடுத்தது கல்யாணமான மூன்றாம் குளிர்காலத்தில்.

காற்றடித்தால் போதும், என் மனைவி ஓஸ்லா கட்டில் கம்பளியைக் கொடியில் போட்டுவிடுவாள். எங்கள் ஷெட்லாந்துத் தீவில் காற்றடிக்காத நாள் ஏது? சாயங்காலம் படகுத்துறையில் பக்கத்து வீட்டு லௌரியோடு மீன் கதை அளக்கலாம் என்று தொப்பியை எடுப்பேன். "ஏங்க, அந்த முனையைப் பிடிங்க" என்பாள். அன்றைய கதை அதோடு போச்சு.

பள்ளியில் கற்ற பின்னல் கைகொடுத்தது. முன்பக்கமாகப் போடும் பின்னல் ஒரு பக்கம் வளையும், அதையே திருப்பிப் போட்டால் எதிர்ப்பக்கம் வளையும். இரண்டையும் பட்டை பட்டையாக மாற்றிப் போட்டால் துணி தானே விசிறி மாதிரி மடங்கும். மீன் சிக்காத நேரமெல்லாம் படகில் உட்கார்ந்து பின்னினேன். அந்த வருஷம் மீனே சிக்கவில்லை. கம்பளி மளமளவென்று வளர்ந்தது.

மேசையில் விரித்துக் கையை எடுத்தேன். தானாக மடிந்தது! ஓஸ்லா அசந்துதான் போனாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அலசி, மரச்சட்டத்துல இழுத்துக் கட்டாத கம்பளியக் கட்டில்ல போடுற வீடு இந்தத் தீவுல உண்டா? லௌரி பொண்டாட்டி பார்த்தா சிரிக்க மாட்டா?"

நியாயம்தானே. நானே அலசினேன், நானே நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். காய்ந்ததும் அவிழ்த்தால் மடிப்பெல்லாம் போய்ப் பலகை மாதிரிக் கிடந்தது. ஓஸ்லா ஒரு முனையை நீட்டினாள்.

அப்புறம் முப்பது வருஷம். ஆளுக்கொரு முனை, ஒவ்வொரு மடிப்புக்கும் ஓரடி நெருக்கம், கடைசியில் மூக்கும் மூக்கும் இடிக்கும். எத்தனை சண்டைகள் அங்கேயே முடிந்தன! கோபமாக இருக்கிறவர்களால் கம்பளி மடிக்க முடியாது. நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது.

போன வாரம் ஓஸ்லா தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கம்பளியை நான் அலசினேன். சட்டத்தில் கட்டச் சோம்பல், மேசையில் அப்படியே போட்டுவிட்டேன். காய்ந்ததும் பார்த்தால் அழகாக மடிந்து கிடக்கிறது!

அவள் வாசலில் கால் வைத்ததும் வெற்றியோடு காட்டினேன்.

"தெரியும். தண்ணி பட்டா மறுபடி சுருண்டுக்கும். அதான் ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு முந்தி நான் அலசி இழுத்துக் கட்டிடுவேன்."

"முப்பது வருஷமா? எதுக்குடி?"

"இல்லாட்டி சாயங்காலம் என் பக்கத்துல வந்திருப்பீங்களா?"

அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சரி, கம்பளியை நனைங்க. சட்டம் கதவுக்குப் பின்னால இருக்கு."

போய் எடுத்து வந்தேன்.